வேற்றுக்கிரகத்துப் போதகர்

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளைக்கு எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ஓய்வுபெற்ற போதகர். ஒரிசாவில் ஒரு மலைக்கிராமத்தில் பாதி ஆயுளை ஊழியத்தில் கழித்துவிட்டு, பிரேசர் டவுனில் என்னோடு வந்து சேர்ந்தவர். நானோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தூங்கியே கழிக்கிற சாப்ட்வேர்க்காரி.

அவரைச் சீண்டத்தான் அந்த நாவலை எடுத்தேன். எம்.ஜி. ரோடு பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. வேற்றுக்கிரகவாசிகளுக்குச் சுவிசேஷம் சொல்லப் போன மிஷனரியின் கதை. ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் வாசித்துக் காட்டுவேன்.

"தோல் பச்சை, கண்ணு மூணு. இதுங்களுக்கும் ஞானஸ்நானமாப்பா?"

"தண்ணி இருந்தா குடுக்கலாம்" என்பார், கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து.

கடைசி அத்தியாயத்தில் மிஷனரி பூமிக்குத் திரும்பக் கிளம்புகிறான். அப்போது அந்த ஜனங்களின் தலைவி சொல்கிறாள்: நீ சொன்ன எதையும் நாங்கள் நம்பவில்லை. யாரையும் தனியாக உட்கார விடுவது எங்கள் வழக்கமில்லை. அதனால்தான் உன் கோயிலுக்கு வந்தோம்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"எனக்கும் அப்படித்தாம்மா" என்றார்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் கிடந்தபோது, கிராமத்தார் தாங்களே கூடி ஆராதனை நடத்துவார்கள் என்று நம்பியிருந்தாராம். ஞாயிறு காலை பார்த்தால் கோயில் பூட்டியே கிடந்தது. மொத்தச் சபையும் இவர் வாசலில் கஞ்சிப் பானையோடு உட்கார்ந்திருந்தது.

"ஐயாவே இங்க படுத்திருக்காரு, அங்க யாருக்குத் துணையா உக்கார்றதுன்னு கேட்டாங்கம்மா."

"அது தெரிஞ்சுமா அத்தன வருஷம் அங்க இருந்தீங்க?"

கோபத்தில் புத்தகத்தைப் படாரென்று மூடினேன். அந்த ஊழியத்துக்காகத்தான் நான் ஹாஸ்டலில் வளர்ந்தேன். அம்மாவின் அடக்கத்துக்குக்கூட அவரால் வந்து சேர முடியவில்லை. அதெல்லாம் எதற்காக?

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று அத்தனை சொல்லியும் வெள்ளை ஜிப்பாவை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினார்.

"இன்னும் அங்க என்னப்பா இருக்கு?" என்று கத்தியேவிட்டேன்.

"இந்த மழைல யாரு வருவா? புது பாஸ்டர் சின்ன வயசு. பாவம், தனியா நிப்பாரு."

எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணோடு அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். ஈரப் புடவையோடு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், நான் எதற்காக அங்கே வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.