இயந்திரம் படிக்காத வரி

என் உரக்கடைக் கம்ப்யூட்டர் திரையில் அந்தக் கேள்வி வந்ததும் யுவராணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். அவசரத்தில் விரல் எதையாவது தட்டிவிடக் கூடாதாம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற மாட்டாள். அதன் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, உதடு அசைய வாசிப்பாள்.

"என்னத்தா கேக்குது?" என்பேன்.

"ஒங்க கடைக்குன்னு மாத்தி வச்சிருக்கீகள்ல, அது இருக்கட்டுமா, நான் கொண்டாந்த புதுசப் போடட்டுமாங்குது மாமா. மரியாதையான மிசினு. கேக்காமச் செய்யாது."

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரை உரக்கடை, திராட்சை வியாபாரி என்று பலருடைய பில் கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் வைத்தியர். மென்பொருளில் புதிய பதிப்பு வந்தால் ஸ்கூட்டியில் வந்து ஏற்றுவாள். அப்போதுதான் இந்தக் கேள்வி வரும். கடைப் பெயர், ஜி.எஸ்.டி. வரி, பிரிண்டர் எல்லாம் எழுதியிருக்கும் கோப்பைப் பற்றிய கேள்வி. யோசிக்காமல் புதியதைப் போட்டால் பில்லில் என் கடைப் பெயரே வராது. அதனால் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் வரி வரியாகப் பார்ப்பாள். முடிந்தவரை பழையதையே வைத்துக்கொள்வாள்.

அந்தப் பழையதை எழுதியவன் அவள் புருஷன் விஜயபாண்டி. இருவரும் சேர்ந்து தொடங்கிய தொழில். அவன் மஸ்கட் போய்விட்டான். "வீரபாண்டிக் கோயில் திருவிழாவுக்கு வந்துருவேன்" என்று போனில் சொல்கிறான். திருவிழா வருகிறது, போகிறது.

கோப்பின் நடுவே அவளுக்குக் குறிப்பு எழுதி வைப்பது அவன் பழக்கம். முன்னால் # குறி போட்டுவிட்டால் இயந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். "அது படிக்காது மாமா. மனுசருக்கு மட்டுந்தான்." என் கடைக் கோப்பில் இப்படி இருந்தது: 'ராணி, இந்தப் பிரிண்டர் கோவக்காரன். இங்கன கை வைக்காத. நான் வந்து பாத்துக்கிறேன்.' மற்ற கடைகளில் ஒவ்வொன்றாகப் புதியது ஏறிவிட்டது. அவன் எழுதியது மிஞ்சியது என் கடையில் மட்டும்தான்.

சென்ற வாரம் யுவராணி வந்தபோது என் மடியில் பேரன் இருந்தான். பிறந்து நாற்பது நாள். அவன் கொட்டாவி விட்டால்கூட நான் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்.

"ஏலே, மொதலாளி வந்துட்டாரா? தாத்தாவுக்குச் சம்பளம் ஒழுங்காக் குடுக்கிறீகளா?" என்று அவன் பாதத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

வழக்கம்போல் பழையதை வைத்தாள். பிரிண்டர் அசையவில்லை. புதிய பதிப்புக்குப் பழைய கோப்பு புரியவில்லை. யூரியா வாங்கிய சின்னக்கருப்பு வாசலில் நின்று, "ஆத்தா, மழ வருது, மூட்ட நனைஞ்சா நீயா பதில் சொல்லுவ?" என்றார்.

"விட்டுரு, கையால எழுதிக்கிறேன். அவன் வந்து பாக்கட்டும்" என்றேன்.

"அவுக வாரவரைக்கும் எழுதுவீகளா மாமா?" என்றாள். திரையைப் பார்த்தபடியே, "பழசு அழியாது. வேற பேரு போட்டு ஓரமா வச்சிரும். என்ன, யாரும் தொறந்து பாக்க மாட்டாக."

மறுபடி ஏற்றினாள். கேள்வி வந்தது. கைகள் தொடைக்கு அடியில் போயின. அப்படியே இருந்தாள். பிறகு ஒரு கையை மட்டும் உருவி, புதியதைப் போடச் சொன்னாள். கடைப் பெயரையும் ஜி.எஸ்.டி. வரியையும் அதில் எழுதினாள். பிரிண்டர் கரகரவென்று பில்லைத் தள்ளியது. சின்னக்கருப்பு மூட்டையோடு ஓடினார்.

யுவராணி எழவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். புதிய கோப்பை மீண்டும் திறந்து, # போட்டு, புருஷன் எழுதிய வரியை எழுத்துப் பிசகாமல் ஏற்றினாள். அதற்குக் கீழே இன்னொரு # போட்டாள்.

'கை வச்சிட்டேன். வந்து திட்டுங்க.'