ஏழாம் பகுதிச் செய்தித்தாள்

இருக்கைக்கு ஒன்றாகப் பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டே படியேறுகிறார் ஆர்வில் டீட்ஸ். ஆட்டம் தொடங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. கார்விக் பல்கலைக்கழகத்து உள்ளரங்கில், தரையைத் துடைக்கிற ஆளையும் அவரையும் தவிர யாருமில்லை. ஏழாம் பகுதியில் ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு இருக்கை. நாற்பது தாளும் மடிப்பு குலையாமல், முதல் பக்கம் மேலே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். யாராவது சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிட்டுத்தான் வைப்பார்.

"எந்திரிங்க. பேப்பர் மேல உக்காந்தா மை ஒட்டிக்கும். அப்பறம் உங்க வீட்ல என்னைத் திட்டுவாங்க."

இது அந்தப் பகுதியின் வழக்கம். எதிரணிப் பெண்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது, நாற்பது பேரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். வந்தவர்களைவிட வெளியூர் மாட்டுச் சந்தை நிலவரம் முக்கியம் என்று அதற்கு அர்த்தம். சொந்த அணியின் பெயர் வந்ததும் தாளைக் கிழித்து மேலே வீசுவார்கள். முதலில் கிழிப்பவர் ஆர்வில். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் கிழிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு அத்தனை துண்டையும் பொறுக்குபவரும் அவரேதான். "குப்பையப் போட்டவன்தான் அள்ளணும்" என்பார். மற்ற முப்பத்தொன்பது பேர் போட்ட குப்பையைப் பற்றி அவர் பேசியதில்லை.

அறுபத்தொரு வயது. மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்து நாலு வருஷமாக வேலை. கோடையில் குழி அடைப்பார், ஓரத்துப் புல்லை வெட்டுவார். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். ஆற்றுப் பாலத்தில் பாதி கார்விக் மாவட்டத்துக்கு, மறுபாதி அக்கரைக்கு. அக்கரையில்தான் டெலனி பல்கலைக்கழகம் இருக்கிறது. பாலத்தின் நடுவில் ஒரு இரும்புப் பட்டை உண்டு. ஆர்வில் அந்தப் பட்டை வரைக்கும் பனியைத் தள்ளுவார், அங்கேயே நிறுத்தித் திரும்புவார். ஒரு விரல்கூடத் தாண்ட மாட்டார். மேலதிகாரி ஒருமுறை கேட்டதற்கு, "அந்தப் பக்கம் பனி அவங்களோடது சார்" என்று பதில் சொன்னார்.

கார்விக் அணிகளுக்கு 'நாரைகள்' என்று பெயர். ஆர்விலுக்கு வருஷம் ஜனவரியில் பிறப்பதில்லை. ஆகஸ்ட் கடைசியில், முதல் கால்பந்தாட்டத்தன்று, எல்ம் மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்து அடுப்பு மூட்டும்போது பிறக்கிறது. அதன்பிறகு பெண்கள் கைப்பந்து. அப்புறம் காட்டு ஓட்டப் பந்தயம். அதற்கு யாரும் போவதில்லை. ஆர்வில் போய் ஏற்றத்துக்கு அப்பால் உள்ள வளைவில் தனியாக நின்று, கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற பையன் வரைக்கும் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நவம்பரில் மல்யுத்தம். அங்கே அவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். தரையில் பையன் எந்தப் பக்கம் புரள்கிறானோ அந்தப் பக்கம் இவரும் புரள்வார். பக்கத்தில் இருப்பவர்களின் விலாவுக்கு உத்தரவாதம் கிடையாது. ஏப்ரலில் சேற்றுக்குள் மடக்கு நாற்காலி போட்டு, காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மென்பந்து பார்ப்பார்.

அவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவரில்லை. பத்தாவதோடு நின்றவர். அதன் வண்டி நிறுத்தத்தில் வெள்ளைக் கோடு போட்டதுதான் அவருக்கும் அதற்கும் உள்ள நேரடித் தொடர்பு. ஒருமுறை கோட்டு போட்ட பழைய மாணவர் ஒருவர், "நீங்க எந்த வருஷம் முடிச்சீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் முடிக்கல" என்றார் ஆர்வில்.

தோற்றாலும் ஜெயித்தாலும் "நாம" என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எதற்காகவும் ஜெபிப்பார், ஆட்டத்துக்காக மட்டும் மாட்டார். "கடவுளுக்கு அக்கரையிலயும் ஆளுங்க இருக்காங்க. அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது."

போன வருஷம் வரை நாரைகளின் பெண்கள் கூடைப்பந்து அணியில் டானிகா ரூபெல் ஆடினாள். பதினான்காம் எண். நெப்ராஸ்காவில் ஏதோ மாட்டுப் பண்ணையிலிருந்து வந்த குட்டையான பெண். பந்து அவள் கையில் இருந்தால் ஆர்வில் பின்னால் சாய்ந்து உட்காருவார், வேறு யார் கையில் இருந்தாலும் முன்னால் சாய்வார். முதல் வருஷம், முதல் ஆட்டத்துக்கு முன்னால், அவள் பயந்துபோய் ஏழாம் பகுதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆர்வில் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"சாப்பிடு. வாந்தி வராது."

"வாந்தி வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் வருது."

அன்றிலிருந்து மூன்று வருஷம், உள்ளூரில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பயிற்சி ஓட்டம் முடிந்ததும் அவள் அந்தக் கம்பிக்கு ஓடி வந்து கையை நீட்டுவாள். இவர் ஒரு மிட்டாய் வைப்பார். அதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டது மிகக் கொஞ்சம். போன மார்ச்சில் டெலனிக்கு எதிராகக் கடைசி நொடியில் அவள் போட்ட பந்துதான் ஆட்டத்தை முடித்தது. மறுநாள் ஊர்ச் செய்தித்தாளின் முதல் பக்கம் முழுவதும் அவள் முகம், வாய் திறந்து, இரண்டு கையும் மேலே. ஆர்வில் விடிகாலையில் பெட்ரோல் நிலையத்துக்குப் போய், மிச்சமிருந்ததை எல்லாம் வாங்கி, போதாதென்று பக்கத்து ஊருக்கும் போய், நாற்பது தாள் சேர்த்தார். அவற்றைப் போட்டுவைத்த பெட்டியின் மேல் மட்டும் தடித்த பேனாவால் எழுதினார்: கிழிக்கக் கூடாது.

ஏப்ரலில் அவள் டெலனிக்கு மாறிவிட்டாள்.

இப்போதெல்லாம் மாணவர்கள் அப்படித்தான் மாறுகிறார்கள், விளையாட்டு விதியும் இடம் கொடுக்கிறது. ஆர்வில் அதைச் சாலையில் குழி அடைத்துக்கொண்டிருந்தபோது வண்டி வானொலியில் கேட்டார். கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அன்று அவர் அடைத்த குழி சாலை மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நின்றது. இன்றைக்கும் வண்டிகள் அங்கே துள்ளிவிட்டுத்தான் போகின்றன.

இந்த வருஷம் அவர் அவள் பெயரை எடுக்கவில்லை. யாராவது எடுத்தால், "பதினாலா? அப்படி ஒரு நம்பர் நம்மகிட்ட இல்லையே" என்பார். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பையில் மிட்டாயைப் போட்டுக்கொண்டுதான் போனார். துணி துவைக்கும்போது அவர் மனைவி நெட்டி அவற்றை எடுத்து ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தாள்.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

"உனக்குச் சக்கரை வியாதி."

"சும்மா பையில கெடக்கட்டும்னு போட்டேன்."

நெட்டி பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவள். நூற்றைம்பது பிள்ளைகளின் பொய்யைத் தினமும் கேட்பவள். அதற்கு மேல் கேட்கவில்லை.

பிப்ரவரியில் டெலனி பெண்கள் கார்விக்குக்கு ஆட வருவதாக அட்டவணையில் இருந்தது. அதற்கு முந்தின ஆட்டத்தன்று வண்டி நிறுத்தத்தில், குளிரில் நின்றபடி எல்லோரும் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லியைக் காகிதக் கிண்ணத்தில் வாங்கி, இலவங்கப்பட்டை ரொட்டியோடு தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது டாயில் கெம்பர் பேச்சை எடுத்தார். இறைச்சிக் கடை வைத்திருந்தவர், ஏழாம் பகுதியில் ஆர்விலுக்கு இடது பக்கம் பத்தொன்பது வருஷமாக உட்காருபவர்.

"யோவ், அந்த நாப்பது பேப்பர் இன்னும் உன் கராஜ்லதான இருக்கு?"

"அது கிழிக்கிறதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு? சட்டம் போட்டு மாட்டப் போறியா? நாப்பது சட்டமா?"

ஆர்வில் ரொட்டியைப் பிய்த்தார்.

"நான் சொல்றதக் கேளு. அவ பேரு வர்றப்போ, நாப்பது பேரும் அவ மூஞ்சிய அவளுக்கே காட்டுறோம். பேரு முடிஞ்ச உடனே கிழிக்கிறோம். நம்மாளுங்க பேரு வர்ற வரைக்கும் காத்திருக்கவெல்லாம் வேணாம். ஊளை விட வேணாம், கெட்ட வார்த்தை வேணாம். பாதிரியாரே பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் கேக்க முடியாது."

"பாதிரியார் பக்கத்துலதான இருப்பாரு. அவரு நாலாவது வரிசை."

"அப்ப அவரும் கிழிப்பாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஆர்விலைப் பார்த்தார்கள். அவர் ரொட்டியைச் சில்லியில் முக்கி, மென்று, விழுங்கி, கிண்ணத்தை வழித்து முடித்தார்.

"நான் கிழிச்சப்பறம்தான் மத்தவங்க கிழிக்கணும்" என்றார்.

ஆட்டத்தன்று காலை எட்டு அங்குலம் பனி. ஆர்வில் பாலத்தில் இரும்புப் பட்டைக்குப் பத்தடி முன்னாலேயே வண்டியைத் திருப்பினார். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்கு வந்து கராஜிலிருந்து அந்தப் பெட்டியை வெளியே எடுத்தபோது நெட்டி வாசலில் நின்றிருந்தாள்.

"அவ நர்சிங் படிக்கப் போயிருக்கா ஆர்வில். இங்க அந்தப் படிப்பு இல்ல. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் என்ன?"

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"உன்கிட்டயா?"

ஆர்வில் பெட்டியை வண்டியில் ஏற்றினார். ஓட்டும் இருக்கையில் ஏறப் போனவர் திரும்பி வந்து, நழுவாமல் கயிறு போட்டுக் கட்டினார். "என்கிட்டதான்" என்றார்.

இன்று அவர் ஏழாம் பகுதியில் வைத்துக்கொண்டு போவது அந்தத் தாள்களைத்தான். நாற்பது இருக்கையிலும் ஒரே முகம், வாய் திறந்து, கை மேலே. தரை துடைக்கிற ஆள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அரங்கு நிறைந்தது. சிவப்புச் சட்டையில் டெலனிப் பெண்கள் வந்து எதிர்ப் பாதியில் ஓடினார்கள். பதினான்காம் எண்ணை அங்கே வேறு யாரோ வைத்திருந்தார்கள் போல. டானிகாவின் முதுகில் மூன்று என்று இருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். முழங்காலில் புதிதாக ஒரு பட்டை. ஆர்வில் பார்க்கவில்லை என்று டாயில் நினைத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி முடிந்ததற்கு மணி அடித்தது. பெண்கள் தங்கள் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். டானிகா திரும்பவில்லை. பந்தை யாருக்கோ தட்டிவிட்டு, மூன்று வருஷம் ஓடிய தடத்திலேயே, ஏழாம் பகுதிக் கம்பியைப் பார்த்து ஓடி வந்தாள். நான்கு தப்படி. ஐந்தாவதில் நின்றாள். தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் திரும்பி, எதிர்ப்பக்கம் நடந்தாள், ஓடவில்லை.

ஆர்விலின் வலது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது. மிட்டாய்க் காகிதம் சரசரத்ததை டாயில் கேட்டார்.

"என்ன ஓய்?"

"ஒண்ணுமில்ல. பேப்பரை எடு."

விளக்குகளை மங்க வைத்தார்கள். ஒலிபெருக்கி டெலனியின் முதல் பெயரை வாசித்தது. நாற்பது தாளும் ஒரே நேரத்தில் விரிந்தன. அரங்கின் மற்ற பக்கங்களில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்து, முதலில் சிரிப்பும், பிறகு ஒரு முணுமுணுப்பும் எழுந்து அடங்கின. இரண்டாவது பெயர். மூன்றாவது. நான்காவது.

தாளுக்குப் பின்னாலிருந்து ஆர்விலுக்குத் தெரிந்தது இரண்டாம் பக்கம். விதைச் சோள விளம்பரம், இரண்டு மரண அறிவிப்பு, பழைய டிராக்டர் விற்பனை. தரையில் சுற்றிய வெளிச்சம் தாளின் மேல் விழும்போதெல்லாம், டிராக்டருக்கும் சோளத்துக்கும் குறுக்கே, மேலே தூக்கிய இரண்டு கை நிழலாகத் தெரிந்து மறைந்தது.

"மூன்றாம் எண், டானிகா ரூபெல்."

அவள் நடந்து வரும் காலணிச் சத்தம் கேட்டது. பாதி வழியில் அது நின்றது. நாற்பது முகத்தையும் பார்த்திருப்பாள். பெயர் முடிந்துவிட்டது. ஏழாம் பகுதியில் எல்லோரும் ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். நாலாவது வரிசையில் பாதிரியார் தொண்டையைச் செருமினார்.

"ஆர்வில்" என்றார் டாயில், உதடு அசையாமல். "யோவ். ஆர்வில்."

ஆர்வில் தாளைக் கீழே இறக்கி, மடியில் வைத்து, பழைய மடிப்பு எங்கே இருந்தது என்று தேடி அதன் வழியே ஒருமுறை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நீவிவிட்டார். பிறகு ஜாக்கெட்டைத் திறந்து உள்பையில் வைத்து, கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துக்கொண்டார்.