“மூணாவது ஸ்டேஜ்” என்று நான் சொன்ன நாள்

“மங்கை மேடம் போயிட்டாங்க சார்” என்று வார்டு சிஸ்டர் போனில் சொன்னபோது, “எங்க போனாங்க? எனக்கு இன்னும் நாலு எக்ஸ்ரே படம் வரணும்” என்று சிடுசிடுத்தேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் உறைத்தது. நெஞ்சுவலி. வேலைக்கு வரும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் தர்மபுரி ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் மங்கையர்க்கரசியோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். எலும்பு டாக்டரான நான் ஒரு படம் எழுதிக் கொடுத்தால் இரண்டு எடுப்பார். “நேரா படுத்தா இடுப்பு பொய் சொல்லும் சார். காலை விரிச்சாத்தான் உண்மை வரும்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அரூர்ப் பக்கத்து டிராக்டர் டிரைவர் ஒருவர், கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று வந்தார். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துக்கொண்டிருந்தது. நேர்ப்படத்தில் உருண்டை குலையாமல் தெரிந்தது. இரண்டாம் நிலை, துளையிட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று எழுதினேன். மேடம் இரண்டாவது படத்தை நீட்டினார். தவளை போலக் காலை மடக்கி விரிக்கவைத்து எடுத்தது. உருண்டையின் மேலோட்டுக்கு அடியில் பிறையாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. எலும்பு நொறுங்கத் தொடங்கிவிட்டது. துளை போட்டிருந்தால் வீண். இரண்டை அடித்து மூன்று என்று எழுதினேன். தப்பைப் பிடித்துவிட்டாரே என்ற கடுப்பில் டிரைவரிடம், “மூணாவது ஸ்டேஜ்ங்க. முன்னாடியே வந்திருக்கணும். ஆபரேஷன் பத்தி அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

அரைமணி நேரத்தில் அவர் மனைவி ஓடிவந்தார். டீ குடிக்கப் போனவரைக் காணோம். போன் அணைந்திருக்கிறது. போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடத்துக்கு விளங்கிவிட்டது.

“ஸ்டேஜுன்னு நம்மூர்ல எதுக்கு சார் சொல்லுவாங்க? புத்துநோய்க்குத்தான?”

கேட்டபடியே மேடம் படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அரூர் பஸ்ஸில் அந்த டிராக்டர்காரர் இல்லை. கிளம்பிக்கொண்டிருந்த ஒகேனக்கல் பஸ்ஸில், ஜன்னலோரமாக, கையில் ஒரு பையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மேடம் ஏறி, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“அண்ணா, இது புத்துநோய் இல்லீங்க. இந்த உருண்டை கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். மாத்திட்டா நடக்கலாம்.”

“அப்ப நான் சாக மாட்டனுங்களா?” என்று அவர் கேட்டார். மேடம் அவர் கையைப் பிடித்து இறக்கினார். திரும்பி வரும்போது என்னிடம், “படம் சரியாத்தான் சார் இருந்தது. நீங்கதான் சரியா சொல்லல” என்றார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம். நிலை என்ன என்று எழுதும் முன் அதைச் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்த மறுநாள், இண்டூரிலிருந்து வந்த ஒரு அம்மாளின் இடுப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, அவர் கேட்காமலேயே, “இது புத்துநோய் இல்லம்மா” என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“நாலு மாசமா இத ஒருத்தரும் சொல்லலீங்களே சார்.”