வர மாட்டேன் என்பவர் பெயரில்

காட்டில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமா? வனத்துறை அலுவலகத்தில் இரண்டாவது ஜன்னலுக்குப் போங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவள் என் வீட்டுக்காரி. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. நான் எலக்ட்ரீஷியன். ஆனால் ஊரில் என்னைக் 'கேம்ப் மேடம் வீட்டுக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன குறைந்துவிட்டது!

எத்தனை பேர், எத்தனை நாள் என்றெல்லாம் எடுத்தவுடனே கேட்க மாட்டாள். "உங்கள்ல வர மாட்டேன்னு அடம்பிடிக்கிறது யாரு?" என்பாள். வந்தவர்கள் அசடு வழிவார்கள். மாமியாரோ, மைத்துனனோ, போனைக் கீழே வைக்காத மகளோ யாராவது ஒருவர் இருக்கத்தான் செய்வார். துருவித் துருவி விசாரித்து, அந்த ஒருவருக்காகவே இடம் பார்ப்பாள். முழங்கால் வலியா, கழிப்பறைக்குப் பக்கத்தில். கொசுவுக்குப் பயமா, ஓடையை விட்டுத் தள்ளி மேட்டில். கடைசியில் சீட்டையும் அவர் பெயரிலேயே போடுவாள்.

"அவங்க வந்தாத்தான் கேட்ல உள்ள விடுவாங்க. இனிமே எப்படி வராம இருக்காங்கன்னு பார்ப்போம்!"

இப்படி ஊரையே காட்டுக்கு அனுப்பியவள் ஒரு நாள்கூட அங்கே தங்கியதில்லை. கேட்டால் லீவு கிடைக்காதாம். சுத்தப் பொய். போய் வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறாள். 'ஒன்பது: காலை ஆறரைக்கு வெயில் உள்ளே வரும். இடது பக்கம் வேர், முதுகில் குத்தும்.' எல்லாமே கேள்வி ஞானம். நேரில் போய் அது தப்பாக இருந்தால், இத்தனை வருஷம் அளந்ததெல்லாம் என்னாவது? அதுதான் அவளுக்கு உதறல். ஒரே ஒரு தடவை என்னிடம் வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் கிளம்பினால் திரும்ப மூன்று வருஷமாகும். "போறதுக்கு முன்னாடி அம்மாவோட ஒரு நாள் காட்ல தங்கணும்பா. வேற எதுவும் வேண்டாம்" என்றாள். அம்மாக்காரி லீவுப் பாட்டையே பாடினாள். பிள்ளையின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"வணக்கம், முன்பதிவு."

"மூணு பேருக்கு இடம் வேணும் மேடம்."

குரல் தெரிந்துவிட்டது. ஆனால் ஜன்னலில் ஆட்கள் நின்றிருப்பார்கள் போல. "சொல்லுங்க சார்" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் சார்.

"முதல் கேள்வியக் கேக்கவே இல்லையே?"

பல்லைக் கடிப்பது எனக்கே கேட்டது. "வர மாட்டேங்கிறது யாரு?"

"என் பொண்டாட்டி."

"ஏனாம்?"

"அவ எழுதி வச்ச அட்டை தப்பாயிடுமோன்னு பயம். பொண்ணு ஊரை விட்டுப் போறா மேடம். இதை விட்டா மூணு வருஷம்."

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டுவது கேட்டது.

"சனிக்கிழமை ஒன்பதாம் நம்பர் காலியா இருக்கு. யார் பேர்ல போடறது?"

"உங்க வழக்கம் எதுவோ, அப்படியே."

போட்டாள்.

சனிக்கிழமை மதியம் கேட்டில் அவள் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். நானும் மகளும் கூடாரத்தைக் கட்டி முடித்ததுதான் தாமதம், உள்ளே தவழ்ந்து போய் இடது பக்கத் தரையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க! இருக்குங்க! வேர் இருக்கு!"

சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் பையை உள்ளே தள்ளினாள். அதை வலது பக்கம் நகர்த்திவிட்டு, வேரின் மேலேயே தன் படுக்கையை விரித்தாள் என் வீட்டுக்காரி.

"நீ அந்தப் பக்கம் படுத்துக்கோடி. குத்தினா எனக்குக் குத்தட்டும்."