இரண்டு தடவை சொன்ன சாட்சி

பதினொரு பிள்ளைகளின் படுக்கை விரிப்புகளை ஒரே காலையில் தோய்த்துக் கொடியில் போடுகிறவளுக்குக் களைப்பு வந்தால், அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை. பின்னேரமானால் மெல்லிய காய்ச்சல். விடாத இருமல். சட்டைகள் தொளதொளத்தபோது, இந்த வயதில் மெலிந்துவிட்டேனே என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்த கிறிஸ்தவ ஊழியக் குடும்பம் நாங்கள். ஸ்ட்ராத்ஃபீல்ட் என்ற புறநகரில் எங்கள் சபையின் பிள்ளைகள் இல்லத்தை நடத்தும் பொறுப்பு என் கணவருக்கும் எனக்கும். பெற்றோரால் வளர்க்க முடியாத உள்ளூர்ப் பிள்ளைகள் ஒன்பது பேர், எங்கள் மகள்மார் இருவர். எல்லோருக்கும் ஒரே மேசை, ஒரே சட்டம். மற்றப் பிள்ளைகள் குறைபடக்கூடாதென்று எங்கள் மகள்மாரும் என்னை அம்மா என்னாமல் அன்ரி (ஆன்ட்டி) என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் என் இருமலுக்காக எல்லோரும் ஜெபித்தார்கள். மறுநாள் இருமல் வரவில்லை. ஞாயிறு காலையும் வரவில்லை. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆராதனையில் எழுந்து நின்று, ஆண்டவர் என்னை முழுச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். சபையில் சிலர் அழுதுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை இருமல் திரும்பி வந்தது.

சாட்சி சொல்லிப் பழகாதவர்களுக்கு இந்தச் சங்கடம் எளிதில் விளங்காது. இனி நான் இருமினால் ஆண்டவரைப் பொய்யராக்குவதாகும் என்று நினைத்தேன். ஆகவே உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, துவாயை வாயில் பொத்திக்கொண்டு இருமினேன். ஆறு வாரம் இப்படி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும், மாலை ஜெபத்தில் ஒவ்வொருவரையும் அணைத்து முத்தமிட்டதும் நிற்கவில்லை.

ஒரு நாள் துவாயில் இரத்தம். திரும்பினால் வாசலில் என் கணவர்.

"இஞ்சாரும், இது எவ்வளவு நாளா?"

"சாட்சி சொல்லிப்போட்டன் எல்லே, அப்பா. இப்ப போய் என்னெண்டு சொல்லுறது?"

"ஆண்டவருக்கு உம்மட பொய் தேவையில்லை. சப்பாத்தைப் போடும், டொக்டரிட்டைப் போவம்."

எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் மேற்பக்கம் வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. சளிப் பரிசோதனையும் அதையே சொன்னது: காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய், இருமும்போது காற்றில் பரவும்).

"நல்ல மருந்துகள் இருக்கின்றன. உங்களைச் சுகப்படுத்தலாம்," என்றார் வைத்தியர். "வீட்டில் யார் யார்?"

"பதினொரு பிள்ளைகள்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

என்னை அன்றே ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். பிள்ளைகளுக்குத் தோல் பரிசோதனை (முன்கையில் சிறிய ஊசி போட்டு, மூன்றாம் நாள் அந்த இடம் தடித்திருக்கிறதா என்று பார்ப்பது; தடித்திருந்தால் கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது) செய்தார்கள். அரசாங்க அதிகாரி ஒருவர் என் கணவரிடம் நேராகவே சொல்லிவிட்டார்: ஒரு பிள்ளை நோயில் விழுந்திருந்தாலும் இல்லத்தை மூடி, பிள்ளைகளை வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பவேண்டி வரும். ஒன்பது பேரில் மூவர் கூடப்பிறந்தவர்கள். அவர்களைப் பிரிக்கவே மாட்டோம் என்று அவர்களின் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

அந்த மூன்று நாளும் எனக்குச் சாவுப் பயம் வரவில்லை. என் மானத்தைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளைகளின் நெஞ்சில் கிருமியை ஊதிவிட்டேனோ என்ற பயம்தான் தின்றது. ஜெபிக்க வாய் வரவில்லை. என்மேலேயே அப்படி ஒரு கோபம். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

நான்காம் நாள் காலை கணவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பதினொரு பேரில ஒன்பது பேருக்குத் தடிக்கேல்லை. ரெண்டு பேருக்குத் தடிச்சிருக்கு," என்றார். "ஆனா எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை. நோய் இல்லை. ஒரு வருசம் குளிசை போட்டாச் சரியாம்."

"அப்ப வீடு?"

"வீடு அப்பிடியே இருக்குது. மூடேல்லை."

சிரித்தேன். சிரிப்போடு இருமலும் வந்தது. நன்றாக, சத்தமாக இருமினேன். பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார்.

மூன்று மாதம் கழித்துப் பிள்ளைகளை மறுபடியும் சோதித்தார்கள். அதே நல்ல பதில்.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை வாசிக்கிற உங்களில் சிலர் அதை விழுங்கிக்கொண்டிருப்பீர்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இடுப்பை நோகடித்தது. காதுக்குள் வண்டு இரைந்தது. ரிஃபாம்பிசின் குளிசை (கிருமியைக் கொல்லும் செந்நிற மாத்திரை) சிறுநீரைச் செம்மஞ்சளாக்கியது. முதல் நாள் அலறி, தாதியைக் கூப்பிட்டு, அசடு வழிந்தேன். கொஞ்சம் சுகம் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு நாள் இருமாதிருந்ததை நம்பியவள் சொல்கிறேன்.

ஆறு வாரத்தில் சளியில் கிருமி இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறே சபையில் எழுந்தேன். குளிசைப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு வாரம் ஒளித்திருந்து இருமியதைச் சொன்னேன். பிள்ளைகளை ஆபத்தில் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். யாரும் அழவில்லை. ஆனால் அந்த வாரம் எங்கள் சபையில் மூன்று பேர் வைத்தியரிடம் போனார்கள். அதில் ஒருவர், முன்பு என்னைப் போலவே சுகமானதாகச் சாட்சி சொன்னவர்.

ஒன்றரை வருடம் குளிசை விழுங்கினேன். அது முடிந்த வாரம் எல்லோரும் கடற்கரைக்குப் புறப்பட்டோம். ரயில் நிலையத்தில் சுரங்கப்பாதையிலிருந்து மேடைக்கு ஏறும் படிகளில் நான் நின்றபோது, மேலே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அன்ரி, ஓடி வாங்கோ!" என்று என் சின்ன மகள் கத்தினாள். மற்றவர்களும் ஆங்கிலத்தில் அதையே கத்தினார்கள்.

முன்பென்றால் பையையும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். என் மூச்சு எவ்வளவு, அதில் ஒரு படிக்கு எவ்வளவு போகும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் ஏறினேன். நெஞ்சு நிறையக் காற்று போய் வந்தது. அது எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத்தான் தெரியும்.

மேலே போனபோது ரயில் போய்விட்டிருந்தது. பதினொரு பேரும் மேடையில் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை.