மையித்தை யாரும் பார்க்கவில்லை

கரைத்தீவில் அபாயா தைத்துப் பிழைக்கிற மபாஸாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குக் கூலி கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் அஸர் தொழுத கையோடு, தான் கட்டிவரும் தொடர்கதையின் அடுத்த பகுதியைத் தன் குரலிலேயே பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கல்பிட்டி வரைக்கும் பெண்கள் அடுப்பில் கறியை மறந்துவிட்டுக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு இந்தப் புகழ் தலைக்கேறாமல் இருக்குமா? கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

கதையின் நாயகன் முத்தலிபு என்ற மீனவன். நோன்புக்கு முன் அவனைக் கடலில் மூழ்கடித்தாள். உடல் கரை ஒதுங்கவில்லை, இறந்தவனுக்கான காயிப் ஜனாஸாத் தொழுகையை மையித்து இல்லாமலே ஊரார் தொழுதார்கள், மனைவி வெள்ளை உடுத்து, விதவை வீட்டோடு இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்தாள்.

மபாஸாவின் அடுத்த வீட்டு றஹ்மாவின் புருஷன் றஸீன் போன படகும் சில மாதங்களுக்கு முன் நிஜமாகவே அப்படித்தான் திரும்பவில்லை. பள்ளிவாசலில் அவருக்காகத் தொழுது முடித்த பிறகும், “அவர் வருவார்” என்று வாசலிலேயே நின்றவள் றஹ்மா. யார் சொல்லியும் கேளாதவள், முத்தலிபின் மனைவியின் கதையைக் கேட்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத் தானும் இத்தாவில் இருக்கத் தொடங்கினாள்.

ஆனால் முத்தலிபைக் கொன்றது அநியாயம் என்று வாட்ஸ்அப்பில் ஒரே சண்டை. மபாஸா யோசித்துப் பார்த்தாள். மையித்தைத்தான் யாரும் பார்க்கவில்லையே, பழைய பகுதியில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை. கவிழ்ந்த படகிலிருந்து அவனை இந்தியக்காரர்கள் தூக்கினார்கள், அந்தக் கரையில் மறியலில் அடைபட்டுக் கிடக்கிறான் என்று அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டாள். வந்து குவிந்த வாழ்த்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. றஹ்மாவின் நினைப்பே வரவில்லை, பாவி.

மறுநாள் காலையில் றஹ்மா வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். இத்தா முடியவில்லை, உடம்பிலோ பச்சைச் சாறி. மபாஸா மெஷினை நிறுத்தினாள்.

“றஹ்மா, அது நான் கட்டின கதை.”

“ஓம் ராத்தா, தெரியும். முத்தலிபு மவுத்தான கதையும் நீங்க கட்டினதுதானே. அதக் கேட்டுத்தானே நான் இத்தாவில இருந்தேன்.”

மபாஸா யோசித்தாள். முத்தலிபை மறுபடி கொல்லலாம். இனி யார் நம்புவார்கள்? றஸீன் வரமாட்டார் என்று இப்போதே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இவள் வாழ்நாளெல்லாம் வாசலில் நிற்பாள். சொல்லத்தான் நிமிர்ந்தாள். றஹ்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

“எந்த மறியல்ல வச்சிருக்காங்க ராத்தா?”

“விசாரிச்சுச் சொல்றேன்,” என்றாள் மபாஸா.