இடது பக்கம் சத்தம் குறைவு

என் நண்பன் கதிர்வேலுவின் இடது காதில்தான் கோளாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனிடம், கோளாறு உன் இயர்போனில் என்று சொன்னேன். அந்த இயர்போன் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் சொன்னேன்.

எழுதிவிட்டேன்... இந்த நான்கு வரிகளை எழுத எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். அறிந்தவர்களிடம் சொல்லும் நெஞ்சுரம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

ஓர் இயர்போனுக்காகவா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பேருந்து நிலையத்தில் கூவிக் கூவி விற்கிறார்களே, அதற்கா? இல்லை. நான் சொல்வது வேறு சாதி. காதுத் துளைக்குள் ஆழமாகச் செருகி, கம்பியைக் காதுமடலின் பின்னால் சுற்றிக்கொள்ளும் உயர்ரகம். அதைப் பற்றி நான் ஆயிரம் படித்திருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை.

2009-இல் நானும் கதிரும் சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். படிப்பு முடிந்திருந்தது. நான் வங்கித் தேர்வுக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் என் பாதிப் பொழுது பிரவுசிங் சென்டரில் கழிந்தது. இயர்போன்களை ஒப்பிட்டு எழுதும் பித்தர்கள் கூடும் இணையக் குழு ஒன்று உண்டு. அதில் எனக்குப் பெயர் இருந்தது. இவனுக்கு நல்ல காது என்று முகம் தெரியாத மனிதர்கள் பாராட்டினார்கள். என்னிடம் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு நடுத்தர இயர்போன். மற்றவை எல்லாம் இரவல் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே பாட்டு, ஒரே அளவு சத்தம். முனையில் மாட்டும் ரப்பர் காதை ஒழுங்காக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் பேஸ் எனும் அடித்தொனி எல்லாம் ஒழுகிப்போய், எவ்வளவு உயர்ந்த சரக்கும் தகர டப்பாவாகத்தான் பாடும். இன்னொரு விதி, அரிச்சுவடி மாதிரி. ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். குறை கருவியோடு மறு பக்கம் போனால் கருவியில் பழுது. அதே காதில் நின்றால் காதில் பழுது.

இந்த விதியைப் புதியவர்களுக்காகக் குழுவில் விளக்கி எழுதியவனே நான்தான்! யாருக்கும் தெரியாமல் போயிருந்தால்கூட எனக்குத் தெரியாமல் போக வழியில்லை.

கதிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூர்க் கரையோரக் குப்பம் ஒன்றில் மீன்பிடிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். இயந்திரவியல். கப்பலில் இன்ஜின் பிரிவுப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, மருத்துவச் சோதனைக்கு அழைப்பு வரக் காத்திருந்தான். அப்பா போன கடலிலேயே நானும் போகிறேன், ஆனால் சம்பளத்துக்குப் போகிறேன் என்று கேலியாகச் சொல்வான்.

அவனுக்கு இருந்த காது எனக்கு இருந்ததில்லை. கரையில் உட்கார்ந்தபடி, கண்ணுக்கே தெரியாத படகின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, அது சித்தப்பா படகு, இது தெற்கால் போகிறது என்று சொல்வான். படகு வந்து சேரும். சொன்னது சரியாக இருக்கும். நான் காதை வைத்துப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அவன் அதைப் பெருமையாக நினைத்ததே இல்லை.

அவன் பட்டம் வாங்கிய மகிழ்ச்சியில் அக்காள் கணவர் சிங்கப்பூரிலிருந்து அந்த இயர்போனை அனுப்பினார். அவன் அதில் கானாப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பிற்பகல் மட்டும் எனக்கு இரவல் தந்தான்.

அந்தப் பிற்பகலை நான் மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எத்தனையோ முறை கேட்ட பழைய பாட்டில், பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது கேட்டது. மிருதங்கக்காரர் விரல் தோலில் உரசுவது கேட்டது. பிறகு என் இயர்போனை மாட்டினால் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது என் கை கொடுக்க மறுத்தது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். என் ஆசை வெட்கத்தோடு நிற்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, கதிர் படுக்கையிலிருந்து எழுந்ததும் தலையைச் சாய்த்துச் சாய்த்து உதறினான். காதில் தண்ணீர் புகுந்ததுபோல் இருக்கிறது, உள்ளே 'ஙொய்' என்று ஒரு சத்தம் என்றான். முந்தின ஞாயிறு ஊருக்குப் போய்க் கடலில் குளித்திருந்தான். அதுதான் என்று இருவரும் நினைத்தோம்.

மறுநாள் இயர்போனை என் முன்னால் வைத்தான்.

"மச்சான், இதுல லெஃப்ட் சைடு சத்தம் கம்மியா வருது. இன்னான்னு பாரு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

நான் வாங்கி என் காதில் மாட்டினேன். இரண்டு பக்கமும் சமம். எள்ளளவும் குறையில்லை. மிருதங்கம் எந்தப் பக்கமும் சாயாமல் நடு நெற்றியில் நின்றது.

பிறகு அவனுக்கு இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். இடதை வலதில், வலதை இடதில். பாட்டு ஓடியது. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"இப்பவும் லெஃப்ட்லதான் கம்மி," என்றான்.

அவ்வளவுதான். சோதனை முடிந்தது. பதில் கிடைத்துவிட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? டேய், கோளாறு உன் காதில், கிளம்பு, டாக்டரிடம் போவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்!

நான் சொன்னது வேறு. மாற்றிப் போட்டால் வளைவு பொருந்தாது, ரப்பர் சரியாக அடைக்காது, அதனால் இந்தச் சோதனை கணக்கில் சேராது என்று சொன்னேன். இடது பீஸ் உள்ளுக்குள் கெட்டுவிட்டது என்றேன். இதை இங்கே யாரும் சரிசெய்ய மாட்டார்கள் என்றேன். குரலில் நடுக்கமே இல்லை. குழுவில் எழுதுகிற அதே அதிகாரக் குரல்.

அடுத்ததை நான் கேட்கக்கூட இல்லை. அவனே சொன்னான்.

"அப்ப நீயே வச்சிக்க மச்சான். உனக்காவது எழுதறதுக்கு ஒதவும். உன்னுத எனக்குக் குடு, பாட்டு கேட்டா போதும்."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டேன்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று எத்தனையோ முறை தோண்டிப் பார்த்துவிட்டேன். காதில் அழுக்கு அடைத்திருக்கும், தானாகச் சரியாகும் என்று நினைத்தேன். பொய்யில்லை, அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்படியானால் எதற்கும் ஒருமுறை காதைக் காட்டிவிடு என்று ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவன் போவான். அழுக்கை எடுப்பார்கள். காது திறக்கும். பிறகு, 'இயர்போன் நல்லாத்தான் இருந்திருக்கு, குடுடா' என்பான்... இதுதான் உண்மை. அவன் காது திறந்துவிடுமோ என்று பயந்தவன் நான்.

ஒரு வாரத்தில் மறுபடி வந்தான். உன் இயர்போனிலும் இடது பக்கம் மந்தமாக இருக்கிறதே என்றான். அப்போதாவது வாயைத் திறந்தேனா? உனக்கு இடது காதுத் துளை கொஞ்சம் பெரிசு, ரப்பர்தான் பொருந்தவில்லை என்று சொல்லிப் பெரிய ரப்பர் கொடுத்தேன். அது சரிவரவில்லை என்றதும் பஞ்சு போட்ட முனை கொடுத்தேன். அவன் அதை விரலால் அமுக்கி, காதில் செருகி, அது விரியும்வரை பொறுமையாகக் காத்திருப்பான். பிறகு என்னைப் பார்த்து, பரவாயில்லை, கொஞ்சம் தேவலை என்பான். என் மனம் நோகக்கூடாதே என்று சொல்லியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நாட்களில் நான் அந்த இயர்போனைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினேன். என் பழையதோடு ஒப்பிட்டு, வரிக்கு வரி. எவ்வளவு ஆழம் வரை காதில் போகிறது, எந்த ரப்பரில் பேஸ் ஏறுகிறது, நீண்ட நேரம் மாட்டினால் எங்கே வலிக்கிறது, எல்லாம். இடது வலது சமநிலையைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ஒருவர் அதைக் கேட்டிருந்தார். பதில் போடாமல் விட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? மற்றவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

மருத்துவச் சோதனைக்கு அழைப்பு வந்தது. கதிர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனான். கண், இருதயம், இரத்தம், எல்லாம் சரி. காதுச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். இன்ஜின் அறையில் வேலை செய்பவனுக்கு இரண்டு காதும் வேண்டுமாம்.

அதன் பிறகுதான் பாண்டிச்சேரியில் காது டாக்டரிடம் போனோம். துணைக்கு நானே போனேன். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் அவனை உட்காரவைத்துச் சோதித்தார்கள். டாக்டர் வயதான மனிதர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேலாகிறது என்றான் கதிர். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

இது நரம்பு சம்பந்தப்பட்டது என்றார். சிலருக்குத் திடீரென்று இப்படி ஆகும். காரணம் சொல்ல முடியாது. உடனே வந்தால் மாத்திரை, ஊசி இருக்கிறது, பலருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது, எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மொத வாரமே ஏம்ப்பா வரல?"

கதிர் கூச்சத்தோடு சிரித்தான்.

"இயர்போன்தான் ரிப்பேருன்னு நெனச்சிட்டேன் சார்."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை என்று அவர் முணுமுணுத்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிக் குற்றம் சாட்டியிருந்தால்... என் சட்டையைப் பிடித்திருந்தால்! அவனுக்கு அப்படி ஓர் எண்ணமே வரவில்லை. மாத்திரை சாப்பிட்டான். காது திரும்பவில்லை.

முதல் நாளே போயிருந்தாலும் ஒருவேளை திரும்பாமல் இருந்திருக்கலாம். இதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அந்த 'ஒருவேளை' அவனுடையது அல்லவா? அதை எடுத்துக்கொள்ள நான் யார்?

இன்னும் கொடியது ஒன்று நடந்தது. அந்தப் பழுதான இயர்போன்தான் காதைக் கெடுத்தது என்று கதிர் தானாகவே முடிவுக்கு வந்துவிட்டான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் மனிதனுக்கு ஒரு காரணம் வேண்டுமே! அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் அம்மா எனக்கு வஞ்சிர மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்.

"அந்தப் பீடைய நீ வாங்கினு போனதாலதாம்ப்பா எம் புள்ளைக்கு இன்னொரு காதாவது தப்பிச்சிது," என்றார்.

நான் அந்தச் சோற்றைத் தின்றேன். மறுசோறும் வாங்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு காதை மறைத்துச் சாப்பிட்டேன்.

கதிர் இப்போது கடலூர் துறைமுகத்தில் ஓர் ஐஸ் பாக்டரியில் மேற்பார்வை பார்க்கிறான். எனக்கு வங்கி வேலை கிடைத்துச் சிதம்பரத்திலேயே இருக்கிறேன். இயர்போன் என் பீரோவில் இருக்கிறது. கேட்க முடியவில்லை. எறியவும் முடியவில்லை. எப்போதாவது எடுத்து மாட்டிப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் சமமாகப் பாடும். உடனே கழற்றிவிடுவேன்.

கடந்த மாதம் கடலூர் போயிருந்தேன். மாலையில் இருவரும் வெள்ளிக் கடற்கரையில் உட்கார்ந்தோம். அவனோடு இருக்கும்போது எல்லாரும் வலப்பக்கம்தான் உட்காருவோம். அன்று நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். வேண்டுமென்றுதான்.

தொலைவில் ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது. கதிர் தலையை நிமிர்த்தினான். வடக்கே தேடினான். பிறகு கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். படகு தெற்கே வந்துகொண்டிருந்தது. ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாதாம். அவன் தேடுவதை விட்டுவிட்டு மணலைக் கிளறத் தொடங்கினான்.

நான் சொன்னேன். முணுமுணுக்கவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலில், அலைச் சத்தத்துக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி, முழுவதையும் சொன்னேன். "கதிரு, அந்த இயர்போன் நல்லாத்தான் இருந்துச்சி. உன் காதுதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அது எனக்கு வேணும்னுதான் பொய் சொன்னேன்."

அலை வந்து போனது. அவன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு நான் வாயசைத்தது கடைக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். முகத்தை என் பக்கம் திருப்பினான்.

"என்னாடா சொன்ன? அந்தாண்ட இருந்து சொன்னா எனக்கு எங்க கேக்குது. இந்தாண்ட வந்து சொல்லு."

எழுந்தேன். அவனைச் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவன் நல்ல காதை என் வாயருகே சாய்த்துக் காத்திருந்தான்.

"ஒண்ணுமில்ல மச்சான்," என்றேன். "டீ சாப்புடலாமான்னு கேட்டேன்."